தனுஷ்கோடி: புயல் இடித்தது, கைவிட்டது யார்?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் ராமேஸ்வரம் தீவில் ரயில்வேக்கு இரண்டு பெரிய சேதங்களைச் செய்தது. தீவை நிலத்தோடு இணைத்த பாம்பன் பாலத்தின் 145 இரும்பு உத்திரங்களில் 126 கடலுக்குள் போயின. தீவின் கிழக்குக் கோடியில் இருந்த தனுஷ்கோடி நிலையமும், அங்கே போன தண்டவாளமும் மணலோடு போயின. முதல் சேதத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். இரண்டாவது சேதம் அறுபது ஆண்டு தாண்டியும் அப்படியே கிடக்கிறது.

பாலம் மீண்ட கதை பலருக்கும் தெரியும். ரயில்வே அமைச்சகம் ஆறு மாதம் கெடு வைத்தது. தெற்கு ரயில்வேயின் மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். வேலையை ஏற்ற 32 வயதுப் பொறியாளர் இ.ஸ்ரீதரன் ஒன்றரை மாதத்தில் ரயிலை ஓட்டிக்காட்டினார். கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அவர் பெயரோடு சேர்ந்தது பின்னாளில். புது உத்திரங்களுக்காக நாடெங்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய உத்திரங்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று வந்து சொன்னவர்கள் உள்ளூர் மீனவர்கள். அவற்றைத் தூக்கிவந்து மறுபடி பொருத்தியதால்தான் வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சர் விருது கிடைத்தது. மீனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அந்தக் கதையைச் சொல்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

அதே ரயில்வே, அதே பொறியாளர்கள், அதே கடல். தனுஷ்கோடிக்கு மட்டும் யாரும் கெடு வைக்கவில்லை. ஊரே அழிந்த பிறகு நிலையம் எதற்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். பாதி உண்மைதான். ஆனால் அந்த நிலையம் என்றைக்குமே அந்த ஊருக்காகக் கட்டப்பட்டதில்லை. அது இலங்கைக்காகக் கட்டப்பட்டது. இலங்கைக்குப் போகவர இருந்த வழி புயலுக்குப் பல ஆண்டுகள் முன்பே, காற்றும் அலையும் இல்லாமல், சட்டப் புத்தகத்தில் அடைபடத் தொடங்கிவிட்டது. புயலை மட்டுமே பேசிப் பேசி நாம் மறந்துவிட்ட பகுதி இது.

கப்பலுக்காகப் பிறந்த நிலையம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், பிறகு ஓர் இரவு முழுக்கக் கடல். அலையடிக்கிற காலத்தில் அந்த இரவு பயணிகளின் குடலைப் பிடுங்கிவிடும். ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவில் கடல் குறுகிக் கிடப்பது வரைபடத்தைப் பார்க்கிற எவருக்கும் தெரிந்ததுதான். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் இருந்த இரண்டு கிலோமீட்டர் கடல்தான் பாக்கி.

1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் அந்தப் பாக்கியைத் தீர்த்தது. கப்பல் வரும்போது இரு பக்கமும் மேலே எழும்பி வழிவிடும் நடுக்கண், அந்த வகைக் கண்ணை வடிவமைத்த ஷெர்சர் என்ற அமெரிக்கரின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. ராமேஸ்வரம் கோயிலுக்காகக் கட்டிய பாலம் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாம்பனைத் தாண்டியதும் முதன்மைத் தடம் தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப்பாதை. சாமி கிளைப்பாதையில் இருந்தார், கப்பல் முதன்மைப் பாதையில் இருந்தது. கம்பெனிக்கு எதில் காசு என்பது இதிலிருந்தே தெரியும்.

தனுஷ்கோடியில் ரயில் கப்பல்துறை வரையே போய் நிற்கும். இறங்கினால் எதிரே நீராவிக் கப்பல். கர்சன், எல்ஜின், ஹார்டிங், பிற்பாடு கோஷன், இர்வின் என்று வைஸ்ராய்கள், கவர்னர்கள் பெயர்களையே கப்பல்களுக்கு வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 22 மைல் கடல். அக்கரையில் தலைமன்னார் துறையில் இன்னொரு ரயில் காத்திருக்கும். எழும்பூரில் மாலையில் ஏறுகிறவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, அதற்கு மறுநாள் விடியும்போது கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது அந்த ரயிலின் அதிகாரப்பூர்வப் பெயர். மக்கள் வாயில் அது போட் மெயில். கப்பல் நின்று எத்தனையோ காலம் ஆகியும் சென்னை–ராமேஸ்வரம் ரயிலை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

நிலையத்தைச் சுற்றி ஒரு சிற்றூர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், துறைமுக அலுவலகம், ரயில்வே மருத்துவமனை, தொடக்கப் பள்ளி, தேவாலயம், ஊழியர் குடியிருப்பு. செங்கல்லுக்குப் பதில் பவளப்பாறைக் கற்களை வைத்துக் கட்டிய சுவர்கள்தான் அதிகம். இன்று நிற்கிற இடிபாடுகளில் கையை வைத்துப் பார்த்தால் அந்தக் கல்லின் துளைகள் தெரியும். மீனவர்கள் நிலையத்துக்கு முன்னாலேயே அங்கே இருந்தவர்கள். சேது ஸ்நானம் செய்ய வடக்கேயிருந்து வந்த யாத்ரிகர்களுக்கும் அந்த மணல்முனை புதிதில்லை. இரு பக்கமும் உப்புக் கடல் இருக்க, மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்பதை ரயில்வேக்காரர்களுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. தனுஷ்கோடிக்குப் போகிற வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை ஓடும்போதே வீசி எறிவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்து ஊரில் விநியோகித்த உறவினருக்கு உதவியாக இருந்த சிறுவன்தான் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். தன் முதல் சம்பாத்தியம் அதுதான் என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

தகர வில்லைக்காரர்கள்

தனுஷ்கோடியைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒரே டிக்கெட்டில் கொழும்பு போன அந்தக் காலத்தைச் சிலாகித்துப் பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்தச் சிலாகிப்பில் ஒரு சங்கடம் உண்டு. அது முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போனவர்களின் நினைவு. வியாபாரிகள், வக்கீல்கள், கச்சேரிக்குப் போன வித்வான்கள், நாடகக் கம்பெனிகள், அரசியல் தலைவர்கள். அவர்கள் எழுதி வைத்தார்கள், நமக்குக் கிடைத்தது. அந்தக் கப்பல்துறையில் எண்ணிக்கையில் மிக அதிகமாகக் கால் வைத்தவர்கள் எதுவும் எழுதி வைக்காதவர்கள்.

திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் அவர்கள். ரயில் வராத காலத்தில் இந்த ஜனங்கள் ராமேஸ்வரம் கரைக்கு நடந்தே வந்து, தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. 1914-க்குப் பின் நடை மிச்சமானது. ஆனால் அவர்கள் எழும்பூர்ப் பயணியைப் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரே கப்பல் ஏற முடியாது. தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி கூட்டிவரும் குடும்பங்கள் முதலில் மண்டபத்தில் இறக்கப்பட்டன. அங்கே, இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய ஒரு முகாம் இருந்தது. காலராவும் அம்மையும் தோட்டத்துக்குத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சில நாள் நிறுத்தி வைத்து, ஊசி போட்டு, பரிசோதித்து, பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள்.

அவர்களின் டிக்கெட் ஒரு தகர வில்லை. போக வேண்டிய தோட்டத்தின் அடையாள எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். வில்லையைக் காட்டினால் வழிச்செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறும். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக விழுந்தன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால் அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ச் சீட்டும் கூடவே போகும். 1920-களின் தொடக்கத்தில் அந்தச் சீட்டு முறை ஒழிக்கப்படும் வரை கடன்காரனாகவே ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்தது.

ஆகவே தனுஷ்கோடி நிலையத்துக்கு இரண்டு வரலாறுகள். ஒன்றில் பயணி கப்பல் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு அக்கரையைப் பார்க்கிறார். மற்றதில் கழுத்தில் தகரத்தோடு ஒரு குடும்பம் கீழ்த்தளத்தில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் வரலாறு நினைவுக் கட்டுரைகளாகவும் சினிமாக் காட்சிகளாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. இலங்கை மலையகத்தின் எழுத்திலும் வாய்மொழிப் பாட்டிலும் இரண்டாவது இருக்கிறது. கப்பல்துறை இருந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

கடலுக்கு முன் வந்த சட்டம்

பயிற்சியற்ற தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை 1939 ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசு தடை செய்தது. இலங்கையில் இந்தியர்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளுக்கு அது பதில். தனுஷ்கோடிக் கப்பல்களின் முக்கியமான சரக்கு, அதாவது கீழ்த்தளத்துக் குடும்பங்கள், அன்றோடு குறையத் தொடங்கியது. ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தவர்கள் ஊருக்கு வந்து போவதுதான் மிச்சம்.

1948-இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதுவரை இருபது மைல் கடல் ஒரு ஆற்றைப் போல இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து திரும்பினார்கள். இப்போது வந்தவர் திரும்ப முடியுமா என்பதை அதிகாரி தீர்மானித்தார். பாஸ்போர்ட், விசா, அனுமதிக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கப்பல் ஏறக் காகிதம் இல்லாதவர்கள் இரவில் தோணியில் போனார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல், தோணியையே பார்த்திராத மலையகக் குழந்தைகள் மேலும் இலங்கையில் வீசப்பட்டது. கப்பல்துறையில் கப்பல் இருந்தது, ரயிலும் இருந்தது. ஏறுகிறவர்களின் கூட்டம் பழைய கூட்டம் இல்லை.

1964 அக்டோபர் 30-இல் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒன்பது லட்சத்து 75 ஆயிரம் நாடற்றவர்களை இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. பேரம் பேசப்பட்டவர்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் மை காய்ந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை, புயல் வந்துவிட்டது.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில்தான் ரயில்வேயின் முடிவு எனக்குப் புரிகிறது. பாம்பன் பாலத்தை 46 நாளில் கட்டியாக வேண்டிய கட்டாயம் இருந்தது. தீவுக்கு வேறு வழியே கிடையாது. சாலைப் பாலம் வந்ததே 1988-இல்தான். தனுஷ்கோடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் விட்டுக்கொள்ளலாம், குறைந்துவிட்ட கூட்டத்துக்கு அது போதும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு கணக்கு என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. “கடல் கொண்டது” என்று சொல்லும்போது அந்த முடிவை எடுத்த மேசையும் கடலோடு போய்விடுகிறது.

653-ஆம் எண் வண்டி

தெற்கு அந்தமான் கடலில் டிசம்பர் 17 அன்று உருவான தாழ்வு மண்டலம், இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, 22-ஆம் தேதி இரவு பாக் நீரிணைக்குள் வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. அலை ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலில் 110 பயணிகளும் ஐந்து ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு நீண்ட விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். அலை வந்து ரயிலைக் கவிழ்த்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.

115 என்ற எண்ணை நான் எப்போதும் கொஞ்சம் தயங்கியே சொல்வேன். 110 என்பது டிக்கெட் வாங்கியவர்களின் கணக்கு. அந்த வழியில் தினமும் போய்வந்த மீனவர்களும் சில்லறை வியாபாரிகளும் எல்லோரும் டிக்கெட் எடுத்திருப்பார்கள் என்று எந்தப் பழைய ரயில் ஊழியரும் சொல்ல மாட்டார். பாசஞ்சர் ரயிலின் அட்டை டிக்கெட்டில் எண் உண்டு, பெயர் கிடையாது. அந்த விதத்தில் அன்றைய பயணிகள் தகர வில்லைக்காரர்களின் வழித்தோன்றல்கள்தான். இரு கரைகளிலும் சேர்த்து அந்தப் புயலில் 1,800 பேருக்கு மேல் இறந்ததாகச் சொல்லப்படுகிறது.

சென்னை அரசு தனுஷ்கோடியை மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. மீனவர்கள் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. கடல் அங்கே, மீன் அங்கே, அவர்கள் எங்கே போவார்கள்? பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டு அவர்களில் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. இன்றும் இருக்கிறார்கள். ஆகவே ‘பேய் நகரம்’ என்று சுற்றுலா விளம்பரங்கள் எழுதுவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. ஆள் வாழ்கிற இடத்தைப் பேயூர் என்று விற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கிழக்கு நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் தடுமாறிப் போகும் வேன்களில் வந்தவர்கள் சில நூறு பேர் என்றால் இப்போது விடுமுறை நாளில் கார்கள் வரிசை கட்டுகின்றன. நிலையத்தின் மிஞ்சிய சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் சங்கும் சோழியும் பாசிமாலையும் விற்கிறார்கள். படம் எடுக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சுவர் என்னவாக இருந்தது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தானே? ஊர் அழிந்த சேதியைச் சொல்லும் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் இயங்கிய ஒரு துறைக்கு, அது அழிந்த இரவு மட்டுமே அடையாளம்.

அக்கரை நிலையம்

எதிர்க்கரையில் தலைமன்னார் துறை நிலையத்துக்கு என்ன ஆனது என்று பார்த்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1964-க்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ‘ராமானுஜம்’ என்ற கப்பல் அங்கே போய்வந்தது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ‘திரும்பியவர்கள்’ பெரும்பாலும் அதில்தான் வந்தார்கள். திரும்பியவர்கள் என்பது அரசின் சொல். அவர்களில் பலர் இந்தியாவையே பார்த்ததில்லை. பாட்டனும் பாட்டியும் தகர வில்லையோடு கப்பல் ஏறிய துறை அப்போது இல்லை. அவர்கள் தடுத்து வைக்கப்பட்ட மண்டபம் முகாம் மட்டும் அப்படியே இருந்தது. பேரப்பிள்ளைகள் அதே முகாமில் பதிவு செய்துகொண்டு, நீலகிரிக்கும் வால்பாறைக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறிப் போனார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் தொடங்கப்பட்டவை. இங்கிருந்து போய் அங்கே கிள்ளியது தேயிலை, அங்கிருந்து வந்து இங்கே கிள்ளியதும் தேயிலை.

1983-க்குப் பின் போர் மூண்டதும் கப்பல் நின்றது. 1990-இல் தலைமன்னார் ரயிலும் நின்றது. தண்டவாளம் பிடுங்கப்பட்டது, நிலையங்கள் பாழாயின. போர் முடிந்தபின் இந்தியாவின் இர்கான் நிறுவனம் அந்தப் பாதையைப் புதிதாக அமைத்துக் கொடுத்தது. 2015 மார்ச் 14-இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியே தலைமன்னாருக்குப் போய்க் கொடியசைத்து ரயிலைத் தொடங்கி வைத்தார். அதாவது, அக்கரை நிலையத்தை நாமே கட்டிக்கொடுத்தோம். இக்கரை நிலையம் படம் எடுக்கிற சுவராகக் கிடக்கிறது. அக்கரை ரயிலில் போகிறவர் துறையில் இறங்கிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இங்கிருந்து அங்கே கப்பல் இல்லை.

மறுபடி தண்டவாளமா?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17.20 கிலோமீட்டர் ரயில்பாதையை 208 கோடி ரூபாயில் மீண்டும் அமைக்க 2019 மார்ச் 1-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதே நாளில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய பாம்பன் பாலம், செங்குத்தாக மேலெழும் நடுக்கண்ணோடு, 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டுவிட்டது. தனுஷ்கோடிப் பாதை அடிக்கல்லோடு நிற்கிறது. மறுபடியும் அதே கதைதான்: பாலம் முடிகிறது, தனுஷ்கோடி கிடப்பில் போகிறது. இந்த முறை அது கிடப்பில் கிடப்பதே நல்லது என்பது என் கருத்து.

வேண்டும் என்கிறவர்களின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. காசி, அயோத்திப் பக்கமிருந்து வருகிற யாத்ரிகர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி வேன்காரர் கேட்கிற பணத்தைக் கொடுத்துவிட்டு சேது ஸ்நானத்துக்குப் போகிறார்கள். ரயில் இருந்தால் ஏழைக்குச் செலவு மிச்சம். அதோடு, இழந்ததை மீட்டுவிட்டோம் என்கிற பெருமிதமும் ஒரு காரணம், அரசியலில் அதற்குத் தனி விலை உண்டு.

ஆனால் அந்த நிலம் என்ன நிலம்? வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் கடல் கொண்டுவந்து போட்டதும் கடல் எடுத்துப் போவதுமான மணல். 1964-க்கு முன்பே, 1948–49 வாக்கிலேயே, தென்கரையில் ஒரு பட்டை நிலம் கீழிறங்கிக் கடலுக்குள் போனதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு சொல்கிறது. அங்கே தண்டவாளம் போட்டால் அதைக் காக்கக் கல் கொட்ட வேண்டும். ஒரு பக்கம் கல் கொட்டினால் மணல் இன்னொரு பக்கம் அரிக்கும் என்பதைத் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் தூண்டில் வளைவுகள் எனும் கல் தடுப்புகளைப் பார்த்த எந்த மீனவரும் சொல்வார். ஆமைகள் முட்டையிட வருகிற கரை அது. பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் அந்த நீர்ப்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கேள்வி, அந்த ரயில் எங்கே போகிறது என்பது. 1914-இல் தனுஷ்கோடி கடைசி நிலையம் இல்லை. கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு மாறுமிடம். அக்கரைக்குக் கப்பல் விடாமல் இக்கரைக்கு ரயில் விடுவது வேடிக்கை பார்க்கப் போகும் ரயிலாகத்தான் இருக்கும். வேடிக்கை பார்க்க ஏற்கெனவே சாலை இருக்கிறது. அதில் அரசுப் பேருந்துகளைக் கூட்டினாலே ஏழை யாத்ரிகரின் செலவு குறையும்.

208 கோடியில் ஒரு சிறு பங்கு போதும், வேறு வேலைகள் நடக்கும். மிஞ்சிய சுவர்களைத் தொல்லியல் முறைப்படி வலுப்படுத்த வேண்டும். பவளக்கல்லுக்கு சிமெண்ட் பூசிக் காரியத்தைக் கெடுக்காமல் இருந்தாலே பாதிப் புண்ணியம். கப்பல்துறை எங்கே இருந்தது, தடம் எந்தப் பக்கம் திரும்பியது, சுங்க அலுவலகம் எது என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் பழைய ஆவணங்கள், மண்டபம் முகாமின் பதிவேடுகள், இலங்கையிலுள்ள தோட்டப் பதிவுகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்க்க ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால், யார் யார் எப்போது அந்தத் துறை வழியே போனார்கள் என்பதில் ஒரு பகுதியாவது தெரியவரும். கண்டியிலும் அட்டனிலும் பதுளையிலும் தங்கள் பூர்வீக ஊர் எது என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அது வெறும் சரித்திரம் இல்லை, முகவரி. 653-ஆம் எண் வண்டியில் இறந்த ஐந்து ஊழியர்களின் பெயர்கள் ரயில்வேயின் பணிப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அதை எடுத்து ஒரு கல்லில் பொறிக்க அடிக்கல் விழா ஏதும் தேவையில்லை.

கப்பலை விடுவது இதைவிடக் கடினம், ஆனால் முடியாததில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். தட்டுத்தடுமாறி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். அதைவிட எத்தனையோ குறுகிய ராமேஸ்வரம்–தலைமன்னார் வழி, பேச்சுவார்த்தைக் குறிப்புகளில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கப்பல் இல்லாவிட்டாலும் அந்த வழி ஓய்ந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் இரவில் படகேறி வந்தன. படகோட்டிகள் அவர்களை அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கைக்குழந்தைகளோடு தண்ணீரும் இல்லாமல் திட்டில் நின்றவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டுக் கரைசேர்த்தது. விசாரணை முடிந்து அவர்கள் கொண்டுபோகப்பட்ட இடம் மண்டபம் முகாம். அவர்களிடம் டிக்கெட் இல்லை, தகர வில்லையும் இல்லை. படகுக்காரருக்குக் கொடுத்த கூலி, நூறு ஆண்டுக்கு முன் எழும்பூரிலிருந்து கொழும்பு போன மூன்றாம் வகுப்புப் பயணி கற்பனையும் செய்திருக்க முடியாத தொகை.